இறைப்பு மோட்டாரில் மின்சாரம் தூண்டப்படும் விதம்

பைகாரா மின்நிலையம் 1932-ஆம் வருஷத்தில் வேலை தொடங்கியபின் கோயமுத்தூர்ப் பக்கத்துக் கிணறுகளில் கமலையின் இடத்தை மின்சார மோட்டார் பிடிக்கலாயிற்று. அம்மோட்டாரைக் கழற்றிப் பார்ப்போர்க்கு ஒரு வியப்பு உண்டாகும். வெளியிலிருந்து வரும் மூன்று கம்பிகளும் அசையாத கூட்டிலுள்ள சுருள்களோடு நின்றுவிடுகின்றன. நடுவில் சுழலும் ரோட்டருக்கு ஒரு கம்பியும் செல்வதில்லை. ஆயினும் அதில் மின்சாரம் பாய்கிறது. பாய்வதனாலேயே அது சுழல்கிறது.

இதன் தத்துவத்தை 1831-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் மைக்கேல் பாரடே கண்டறிந்தார். ஓர் இரும்பு வளையத்தின் இருபுறங்களிலும் ஒன்றோடொன்று தொடாதபடி செப்புக்கம்பியைச் சுற்றி, ஒரு சுருளை மாத்திரம் பாட்டரியோடு இணைத்தார். இணைத்த கணத்தில் மற்றச் சுருளைச் சார்ந்த காந்த ஊசி அசைந்து பழைய நிலைக்கு மீண்டது. இணைப்பை எடுத்தபோது எதிர்ப்புறமாக அசைந்தது. இடையில் மின்சாரம் ஒரே அளவாய்ப் பாய்ந்த நேரமெல்லாம் ஊசி அசையவேயில்லை. ஆகவே காந்தசக்தி அருகில் இருப்பது மட்டும் போதாது. அது மாறிக்கொண்டிருந்தால்தான் மின்சாரம் தூண்டப்படும்.

மோட்டாரில் மூன்று பேஸ்களும் முறைமாறி வருவதால் காந்தப்புலம் கூட்டுக்குள் சுழல்கிறது. நான்கு துருவ மோட்டாரில் அது நிமிஷத்துக்கு 1500 சுற்று சுற்றும். ரோட்டரோ ஏறக்குறைய 1440 சுற்றே சுற்றும். இக்குறைவைப் பழுதென்று எண்ணுவோர் உண்டு, அது தவறு. இரண்டும் சமவேகமாய் ஓடினால் ரோட்டருக்குக் காந்தப்புலம் மாறாததாகிவிடும். மின்சாரமும் இழுப்பும் அற்றுப்போகும்.

ஒரு பேஸ் விடுபட்டால் நேர்வது யாது? நின்றிருக்கும் மோட்டாருக்குச் சுழலும் காந்தப்புலம் இல்லை. அது முனகுமேயன்றிச் சுழலாது. உடனே நிறுத்தாவிடின் சில நிமிஷங்களில் சுருள் கருகும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் தொடர்ந்து ஓடும். மற்ற இரு கம்பிகளிலும் மிகையான மின்சாரம் பாயும். தண்ணீர் விழுந்துகொண்டிருப்பதால் எவரும் கவனிப்பதில்லை. ஆழ்துளைக் கிணற்றின் நீர்மூழ்கி மோட்டாராயின் முனகலும் காதில் விழாது. காயில் மாற்றிக் கட்டி வரும்வரை பயிர் காயவேண்டியதுதான்.

பலகையிலுள்ள மூன்று விளக்குகளும் எரிவதைக் கண்டு ஐயம் தீர்ந்துவிடலாகாது. ஓடும் ரோட்டரின் காந்தமே விடுபட்ட பேஸின் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டி அவ்விளக்கையும் எரியச் செய்யக்கூடும். ஆம்பியர் மீட்டரைப் பார்ப்பதே தக்கது. பேஸ் விடுபட்டவுடன் மோட்டாரை நிறுத்திவிடும் தடுப்புக் கருவியை ஸ்டார்ட்டரோடு சேர்த்து வைத்துக்கொள்வது அதனினும் நன்று. பியூஸ் கம்பி அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியைக் கட்டுவோர், காயிலையே பியூஸாக்கி விடுகின்றனர்.