விண்மீனும் புள்ளடியும்

கற்பிட்டிக் கடலில் இராத்தொழில் செய்யும் நம் சகோதரர் விண்மீன் பார்த்துத் திசை அறிவர். அது அனுபவ அறிவு. நாட்டின் நாளையையும் அதே விண்மீனிடம் கேட்கலாமா?

2015 ஜனவரி 8ஆம் நாள் ஜனாதிபதித் தேர்தலை எண்ணிப் பாருங்கள். பதவிக்காலம் முடியுமுன்னரே மகிந்த ராஜபக்ஷ தேர்தலுக்குச் சென்றார். அவரே வெல்வார் என்றார் அவருடைய சோதிடர் சுமணதாச அபேகுணவர்தன. வென்றவரோ மைத்திரிபால சிறிசேன. தீர்ப்பளித்தது கிரகமல்ல, வாக்காளர் இட்ட புள்ளடி.

குறி கேட்பதை இணைச்சட்டம் 18ஆம் அதிகாரம் விலக்குகிறது. திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2116ஆம் எண்ணில் சோதிடத்தையும் தள்ளுகிறது. ஏன்? எல்லாம் கிரகத்தின் செயலென்றால் நம் தவறுக்கும் கடமைக்கும் பொறுப்பாளி யார்?

பெற்றோரே, பிள்ளைகளுக்குப் பஞ்சாங்கத்தையல்ல, மனச்சாட்சியைக் கேட்டு வாக்களிக்கக் கற்பியுங்கள்.