இருவரும் ஒரே பக்கம் பார்க்கிறார்களே!

கேள்வி: என் குறும்படத்தில் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் இருவர், எடிட்டிங்கில் ஒரே பக்கம் பார்ப்பதுபோல் தெரிகிறார்கள். ஏன்?

பதில்: நடுவில் கேமரா கோட்டைத் தாண்டிவிட்டது. இருவரையும் இணைத்து ஒரு கற்பனைக் கோடு போடுங்கள். எல்லா ஷாட்டையும் அதன் ஒரே பக்கம் நின்று எடுங்கள். அவள் வலப்பக்கம் பார்த்தால் அவன் இடப்பக்கம் பார்ப்பான். தாண்டியே தீரவேண்டுமா? கட் செய்யாமல் கேமராவை நகர்த்திக்கொண்டே போங்கள்.

ஷூட்டிங் முடிந்துவிட்டதென்றால் ஒரு ஷாட்டை இடவலமாகத் திருப்பிப் போடலாம். ஆனால் சட்டைப் பையும் பின்னாலிருக்கும் கடைப் பலகையும் காட்டிக்கொடுத்துவிடும், ஜாக்கிரதை.

‘டோக்கியோ ஸ்டோரி’ படத்தில் (1953) இயக்குநர் ஓசு இந்தக் கோட்டை மதிக்கவில்லையே என்பீர்கள். அவர் பாத்திரங்களை ஏறக்குறைய லென்ஸைப் பார்த்தே பேசவைத்தவர். உங்கள் ஆட்கள் பக்கவாட்டில் பார்க்கிறார்கள். அந்தச் சலுகை உங்களுக்குக் கிடையாது.