முதல் சேர்ஃப் ஹீட்டுக்கு இறங்கும் பிள்ளைகளுக்கு

உல்லைக் கரையில் தலை நரைத்தவன் நான். தினமும் மெயின் பொயின்டில் விளையாட்டாய் அலை ஏறும் பிள்ளைகள், கலர் ஜேர்சியைப் போட்டதும் கால் விறைத்து நிற்பதைக் கண்டிருக்கிறேன். என் முதல் போட்டியில் நானும் அப்படித்தான். மூன்று நிமிடத்துக்குள் கண்ணில் பட்ட நாலு அலைக்கும் பாய்ந்தேன், நாலிலும் விழுந்தேன். நல்ல அலைகள் செட்டாய்ச் சேர்ந்து வந்தபோது கையில் பலமில்லை. அன்றும் அதற்குப் பிறகும் படித்ததைச் சொல்கிறேன்.

1. நெஞ்சு படபடத்தால் "நான் கோழை" என்று முடிவு கட்டாதீர்கள். அட்ரினலின் ஊறும்போது இரத்தம் பெரிய தசைகளுக்கு ஓடும். அதனால்தான் விரல் குளிர்கிறது, வயிறு கலக்குகிறது. கையால் துடுப்புப் போடும் தோளுக்கு அந்த இரத்தம் தேவை.

2. அந்தத் துடிப்புக்கு நல்ல பெயர் வையுங்கள். 2014இல் ஹார்வர்டைச் சேர்ந்த அலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர், ஆட்களை மற்றவர் முன் பாட வைத்துப் பார்த்தார். "உற்சாகமாக இருக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாடியவர்கள், "பதற்றமாக இருக்கிறேன்" என்றவர்களைவிட நன்றாகப் பாடினார்கள்.

3. கணக்கைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். ஒவ்வொரு அலைக்கும் பத்துக்குப் புள்ளி. பெரிய போட்டிகளில் ஐந்து நடுவர்கள். ஆகக் கூடியதையும் குறைந்ததையும் தள்ளிவிட்டு மிச்சத்தின் சராசரியை எடுப்பார்கள். கடைசியில் உங்கள் சிறந்த இரண்டு அலைகள்தான் சேரும். விழுந்ததற்குப் புள்ளி கழிப்பதில்லை. இருபது, முப்பது நிமிட ஹீட்டில் உங்களிடம் கேட்பது இரண்டே அலை.

4. பயம் குடியிருப்பது அலையில் இல்லை, காத்திருப்பில். ஏறி நின்றவனுக்குப் பயப்பட நேரமேது? காத்திருக்கும் மனதுக்கு வேலை கொடுங்கள். மீன்பிடிக்கப் போகும் மாமாமார் கரையில் மரத்தையும் மினாராவையும் குறி வைத்து இடம் பிடிப்பதுபோல, நீங்களும் இரண்டு குறி வைத்து, நீரோட்டம் எங்கே இழுக்கிறது என்று பாருங்கள். செட்டுக்குச் செட் எவ்வளவு இடைவெளி, அடுத்த அலைக்கு முன்னுரிமை யாரிடம் என்று கவனியுங்கள்.

5. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டுங்கள். நாலு எண்ணி இழுத்தால் ஏழு எண்ணி விடுங்கள். மூச்சு வெளியேறும்போதுதான் இதயம் நிதானமாகும்.

6. ஏறிய பிறகு காலைப் பற்றி யோசிக்காதீர்கள். உடம்பு படித்து முடித்த வேலையை மனம் மேற்பார்வை பார்க்கப் போனால் எல்லாம் கட்டிப்போகும். மெயின் பொயின்ட் அலை வலப்பக்கம் ஓடும். அடுத்து உடையப்போகும் இடத்தில் கண்ணை வையுங்கள், கால் பின்னால் வரும்.

7. பார்க்கிற கண்களுக்கு முன்கூட்டியே பழகுங்கள். கூட்டாளியிடம் மணிக்கூட்டைக் கொடுத்து இருபது நிமிட ஹீட் ஓடுங்கள். தோற்றவர் எல்லோருக்கும் தேத்தண்ணி வாங்க வேண்டும். 2018இல் இங்கே பெண்கள் சேர்ஃப் கழகம் தொடங்கிய பிள்ளைகள், நடுவர் பார்வைக்கு முன்பே ஊர்ப் பார்வையைத் தாண்டியவர்கள். அவர்களிடமும் கேட்டுப் படியுங்கள்.

8. "சொந்த அலையில் தோற்றால் மானம் போய்விடும்" என்ற பாரத்தைக் கரையிலேயே இறக்கி வையுங்கள். 2019 செப்டெம்பரில் உலக சேர்ஃப் லீக் போட்டி இங்கே நடந்தது. அதிலும் வந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் தோற்றுத்தான் வீடு போனார்கள்.

9. தோற்றால் மறுநாளே சுபஹ் தொழுதுவிட்டு, ஜேர்சி இல்லாமல் அதே இடத்துக்குப் போங்கள். நான் போகவில்லை. வெட்கத்தில் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். ஒக்டோபர் வந்து சீசன் முடிந்தது. அடுத்த சித்திரை வரை காத்திருந்தேன். என் வாழ்க்கையில் அந்த ஆறு மாதத்தைவிட நீளமான ஹீட் இல்லை.