கூடத்தில் ஒரு வீணைக் கச்சேரி: ஓர் ஒலியியல் ஆய்வு

(இளம் அறிவியல், இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

இசை நிகழ்ச்சி என்றவுடன் நம் நினைவுக்கு வருவன மேடை, திரை, ஒலிபெருக்கி, வரிசை வரிசையான நாற்காலிகள் ஆகியவையே. ஆனால் நம் நாட்டு இசை வளர்ந்த இடங்களுள் வீட்டுக் கூடமும் ஒன்று. 1938-இல் மறைந்த வீணை தனம்மாள், சென்னை ஜார்ஜ் டவுனில் தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்த வீணையைக் கேட்கப் பெயர்பெற்ற வித்துவான்களும் வந்து அமர்ந்தனர். ஒலிபெருக்கியின் துணையின்றி அந்த மெல்லிசை எவ்வாறு கேட்டது? வீணைக்கு வீடு ஏன் பொருந்துகிறது? இயற்பியலைக் கொண்டு இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆராய்ச்சிக்குக் காரணம் ஒன்று உண்டு. எங்கள் தெருவில் வாழும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், தை வெள்ளியன்று தம் வீட்டில் வீணைக் கச்சேரி வைக்க விரும்பினார். வாசிக்க இசைந்த அம்மையார் எழுபதைக் கடந்தவர். மேடை ஏறுவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. வீணையில் ஒலிவாங்கியை ஒட்டவைத்தால் தம் கமகம் தமக்கே அந்நியமாகக் கேட்கிறது என்பது அவர் குறை. "மைக் இருந்தால் நான் வரவில்லை" என்று சொல்லிவிட்டார். ஆசிரியருக்கோ, அழைத்து வந்த இருபத்தைந்து பேருக்கும் கேட்காமல் போனால் அம்மையாரின் மனம் நோகுமே என்ற கவலை. "தம்பி, நீ இயற்பியல் படிக்கிறாயே, கணக்குப் போட்டுச் சொல்லேன்" என்றார். நானும் என் வகுப்புத் தோழனும் அளவுநாடாவுடன் சென்றோம்.

ஓர் அறையில் எழும் ஒலி உடனே மறைவதில்லை. சுவர்களில் பட்டுப் பட்டு மீண்டு, சிறிது சிறிதாகத் தேய்ந்தே அடங்குகிறது. இதனை எதிர்முழக்கம் என்பர். ஒலி 60 டெசிபல் வீழ்வதற்கு ஆகும் காலமே எதிர்முழக்க நேரம். இதனைக் கணக்கிட வழிகண்டவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வாலஸ் சபைன். 1895-இல் அங்கே புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடத்தில் பேச்சு ஒன்றுமே விளங்கவில்லை. ஒரு சொல் அடங்க ஐந்து நொடிக்கு மேல் ஆயிற்று. சபைன் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து பரப்பி, ஆர்கன் குழாய் ஒன்றை ஒலித்து, ஒலி அடங்கும் நேரத்தைத் தம் காதாலேயே அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்தாக வேண்டும்! 1900-இல் திறக்கப்பட்ட பாஸ்டன் இசையரங்கம் அவர் கணக்கின்படி அமைந்ததே.

அவர் கண்ட சூத்திரம் எளியது. கன அளவை 0.16 ஆல் பெருக்கி, மொத்த உட்கவர் பரப்பால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் நொடியில் கிடைக்கும். உட்கவர் பரப்புக்கு அலகு, திறந்த சன்னல். ஒரு சதுர மீட்டர் திறந்த சன்னல், தன்மேல் படும் ஒலி முழுவதையும் வெளியே விட்டுவிடுகிறது. ஆகவே அதன் மதிப்பு 1.

எங்கள் கூடம் 6 மீட்டர் நீளம், 3.6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். கன அளவு 64.8 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்த பரப்பு ஏறத்தாழ 101 சதுர மீட்டர். சிமெண்டுப் பூச்சின் உட்கவர் எண் 0.03 அளவே. நுண்துளையின்றி இறுகிய பரப்பு ஒலியை விழுங்காமல் திருப்பி அனுப்பிவிடுகிறது. (அந்தக் கூடத்தைப் பூசியவர் கொத்தனாரான என் தந்தையே. பூச்சு முடிந்த புதுவீட்டில் கூப்பிட்டால் வீடே திரும்பக் கூப்பிடும் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.) ஆக, வெறுங்கூடத்தின் உட்கவர் பரப்பு 3, எதிர்முழக்க நேரம் சுமார் 3.5 நொடி. காகிதப் பையை ஊதி வெடித்து நிறுத்து கடிகாரத்தால் பத்து முறை அளந்தபோது, காதுக்குக் கேட்டது 2 நொடிதான். தெரு இரைச்சல் இருக்கையில் ஒலி 60 டெசிபல் வீழும்வரை காது தொடர்ந்து கேட்க இயலாது. வேகமான தானம் வாசித்தால், ஒரு சுரத்தின்மேல் மற்றொன்று ஏறிக் குழம்பிவிடும் என்பதற்கு அதுவே போதும்.

ஆனால் கச்சேரியன்று கூடம் வெறுமையாக இராது. அமர்ந்திருக்கும் ஒருவர் ஏறத்தாழ 0.4 சதுர மீட்டர் திறந்த சன்னலுக்குச் சமம். இருபத்தைந்து பேருக்கு 10. சுவரோடு சேர்த்து 13. எதிர்முழக்க நேரம் 0.8 நொடியாகக் குறைகிறது. இது வீணைக்கு நல்ல அளவு. திரையும் கம்பளமும் வாங்கத் தேவையில்லை. வந்து உட்கார்பவர்களே திரை.

இனி, கேட்குமா என்னும் கேள்வி. இடைவிடாது ஒலிக்கும் மூலம் ஒன்று அறையில் நிலைநிறுத்தும் ஒலிச் செறிவு, உட்கவர் பரப்புக்கு எதிர்விகிதத்தில் அமையும். ஆயிரம் பேர் அமரும் அரங்கில் மனிதர் மட்டுமே 400 அலகு. நம் கூடத்தில் 13. அதே வீணை, அதே விரல். ஆனால் கூடத்தில் செறிவு சுமார் முப்பது மடங்கு! அரங்கில் ஒலிபெருக்கி செய்யும் வேலையைக் கூடத்தில் சுவர்கள் கூலியின்றிச் செய்கின்றன. "மைக் வேண்டாம் ஐயா" என்று துணிந்து சொன்னேன்.

கமகத்தைப் பற்றியும் ஒரு சொல். கம்பியை ஓரிடத்தில் மீட்டினால், அவ்விடத்தைக் கணுவாகக் கொண்ட மேற்சுரங்கள் எழா என்பது யங் விதி. வீணையும் தம்பூராவும் இவ்விதிக்குக் கட்டுப்படுவதில்லை என்பதையும், அவற்றின் வளைந்த குதிரையே அதற்குக் காரணம் என்பதையும் சர் சி. வி. இராமன் 1921-இல் எடுத்துக்காட்டினார். மேற்சுரங்களின் இச்செழுமையே வீணையின் குரல். அவை மெலிந்தவை, மின்விசிறியின் இரைச்சலே அவற்றை மூடிவிடும். எனவே விசிறியை நிறுத்திவிடும்படி கேட்டுக்கொண்டோம்.

விசிறியை நிறுத்தினால் வெப்பம் ஏறும். அமர்ந்திருக்கும் மனிதர் ஒருவர் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார். இருபத்தைந்து பேர் என்றால் 2500 வாட். இரண்டு மின் அடுப்புகளைக் கூடத்தில் மூட்டிவைத்தது போல. கம்பி விரிந்து இழுவிசை தளர, சுருதி இறங்கும். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்தவை என்பதையும் மறக்கலாகாது. சன்னலைத் திறந்தே ஆக வேண்டும். ஆசிரியரோ, "திறந்தால் ஒலி ஓடிவிடுமே" என்றார்.

இங்கேதான் கணக்கு எனக்கு மிகவும் பிடித்த விடையைத் தந்தது. இரண்டு சன்னல்களும் வாசற்கதவும் சேர்ந்து 4.4 சதுர மீட்டர். மொத்தம் 17.4. வெளியே செல்வது நான்கில் ஒரு பங்கு ஆற்றல். உள்ளிருப்பவர்க்குக் குறைவது ஒன்றேகால் டெசிபல் அளவே. காது அதனை உணர்வதே அரிது. சபைன் சூத்திரத்தில் திறந்த சன்னல் ஓர் இழப்பு. திண்ணையில் இருப்பவருக்கு அது இழப்பா? வீட்டுக் கச்சேரிகளைப் பற்றி எழுதுவோர் உள்ளே அமர்ந்த இரசிகர்களையே குறிப்பிடுகின்றனர். வெளியே நின்று கேட்டவர்களைக் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு இது குறையாகவே படுகிறது.

கச்சேரி ஆறரை மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடிந்தது. அம்மையாரைக் குறுகிய சுவருக்கு முன்னே அமர்த்தினோம். மிருதங்கக்காரரை மூலையில் அமர்த்தவில்லை. மூலை தாழ்ந்த ஒலிகளை மிகுத்துக் காட்டும். கடைசி வரிசையில் இருந்த மூவரிடம் பிறகு கேட்டேன். வீணை தெளிவாகக் கேட்டதென்றனர். ஒருவர் மட்டும் மிருதங்கம் சற்று அதிகம் என்றார். அது உண்மையே. சுவர் இரண்டையும் ஒன்றுபோலவே பெருக்குகிறது. அடக்கி வாசிப்பது கலைஞரின் கையில்தான் உள்ளது.

உள்ளே வரும்படி ஆசிரியர் இருமுறை அழைத்தும் என் தந்தை வரவில்லை, திண்ணையிலேயே அமர்ந்துவிட்டார். அம்மையார் நடுவில் மூன்று முறை நிறுத்திச் சுருதி சேர்த்ததை அவரும் எண்ணியிருந்தார். நான் குறித்து வைத்ததும் மூன்றே. அம்மையார் புறப்படும்போது, மாசியில் தம் வீட்டிலேயே வாசிப்பதாகவும், சன்னலின் அளவை முன்னதாக வந்து எடுத்துப் போகும்படியும் என்னிடம் கூறினார்.

ஆசிரியர் மறுநாளே என்னைப் பிடித்துக்கொண்டார். அடுத்த தையில் கூடத்தில் நாகசுரம் வைக்கலாமா என்று கேட்டார். "முப்பது மடங்கு, ஐயா. வாசலில் பந்தல் போட்டுவிடுங்கள்" என்றேன்.