மார்கழிக் காலையும் நனைந்த பிளக்கும்

பருவகால ஆலோசனை: கார்த்திகை முதல் தை வரை

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தும் ஓயாமலும் இருக்கும் இந்த நாட்களில், வரதராஜன்பேட்டைத் தெருக்களில் விடிகாலையில் ஒரு சத்தம் தவறாமல் கேட்கும். ஸ்டார்ட் ஆகாத வண்டியை விடாமல் உதைக்கும் சத்தம் அது. ஒரு வாசலில் பால் கேன் கட்டிய டி.வி.எஸ். எக்ஸ்.எல். நிற்கும். அடுத்த வாசலில் ஆண்டிமடத்துக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டிய பழைய ஸ்ப்ளெண்டர். அதற்கும் அடுத்த வீட்டில், கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்பிய பிள்ளை, மாதக்கணக்கில் தாழ்வாரத்தில் கிடந்த யமஹா ஆர்.எக்ஸ். 100-ஐ வெளியே தள்ளி வந்திருப்பார். ஐந்தாவது உதைக்கும் சத்தமில்லை. பத்தாவது உதையில் பெட்ரோல் வாடை மூக்கில் ஏறுகிறது. உடனே சோக்கை இன்னும் கொஞ்சம் இழுத்து, இன்னும் வேகமாக உதைக்கிறார்கள்.

நிறுத்த வேண்டிய இடம் அதுதான். பெட்ரோல் வாடை வந்துவிட்டால் இன்ஜினுக்கு இனி பெட்ரோல் வேண்டாம், காற்றுதான் வேண்டும்.

மெக்கானிக்குகள் இதை ‘ஓவர்ஃப்ளோ’ என்பார்கள், ‘பெட்ரோல் ஓவராயிடுச்சு’ என்பார்கள். இன்ஜினுக்குள் போன பெட்ரோல் ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் பற்றும். குளிர்ந்த இரும்பின் மேல் அது ஆவியாகாமல் துளித்துளியாக நிற்கிறது. பிளக்கின் நுனியில் உள்ள வெள்ளைப் பீங்கான் நனைந்ததும், பொறியாகத் தாவ வேண்டிய மின்சாரம் அந்த ஈரத்தின் வழியாகக் கசிந்து போய்விடுகிறது. பொறி இல்லாததால் பெட்ரோல் எரிவதில்லை. எரியாத பெட்ரோலின் மேல் அடுத்த உதை இன்னும் கொஞ்சம் பெட்ரோலைக் கொண்டுவந்து ஊற்றுகிறது.

அரியலூர் மாவட்டத்து மார்கழி, ஊட்டிக் குளிர் அல்ல. விடிகாலையில் 20 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்கும் குளிருக்கு, நல்ல நிலையில் உள்ள வண்டி ஒருமுறை சோக்கை இழுத்து இரண்டு மூன்று உதையில் கிளம்பிவிட வேண்டும். கிளம்பவில்லை என்றால் பெரும்பாலும் குற்றவாளி குளிர் இல்லை, ஈரம். மழையில் நனைந்த பிளக் கேப், வெடித்துப்போன அதன் ரப்பர், தேய்ந்த பிளக் ஆகியவை முதலில் பொறியைப் பலவீனமாக்குகின்றன. பலவீனமான பொறியால் எரிக்க முடியாத பெட்ரோல் பிறகுதான் தேங்குகிறது. ஆகவே ஒருமுறை பிளக்கைத் துடைத்து வண்டியைக் கிளப்பிவிட்டால் வேலை முடிந்ததென்று இருந்துவிடக் கூடாது. பிளக் கேப்பையும் பார்க்க வேண்டும்.

இப்போதே செய்ய வேண்டியது

வண்டி ஓவர்ஃப்ளோ ஆகிவிட்டது என்று தெரிந்ததும் முதல் காரியமாகப் பெட்ரோல் டேப்பை மூடுங்கள். சோக்கைப் பழைய நிலைக்குத் தள்ளுங்கள். பத்து நிமிடம் வண்டியைச் சும்மா விடுங்கள்.

அதன் பிறகு, சாவியைப் போட்டு, ஆக்சிலேட்டரை முழுவதும் முறுக்கிப் பிடித்தபடி ஐந்தாறு முறை நிதானமாக உதையுங்கள். முழுவதும் முறுக்குவது பெட்ரோலை அதிகமாக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். டேப் மூடி, சோக் விலகியிருக்கும்போது அப்படி முறுக்கினால் காற்றுப்பாதை முழுதாகத் திறந்து, உள்ளே தேங்கியதை வெளியே தள்ளும். இன்ஜின் இருமி இருமிப் பிடித்ததும் கையைத் தளர்த்திவிடுங்கள். கொஞ்சம் புகை வரும், வரட்டும். பிறகு டேப்பைத் திறந்துகொள்ளலாம்.

அப்படியும் பிடிக்கவில்லையா? பிளக்கைக் கழற்றுங்கள். நுனி ஈரமாக, பெட்ரோல் வாடையோடு இருந்தால் ஓவர்ஃப்ளோ உறுதி. காய்ந்து இருந்தால் பெட்ரோலே வந்து சேரவில்லை என்று பொருள், அது வேறு வேலை. ஈரமான பிளக்கைப் பஞ்சுத் துணியால் துடைத்து வெயிலில் வையுங்கள். சாவியை அணைத்துவிட்டு, பிளக் இல்லாமலே ஆக்சிலேட்டரை முறுக்கிப் பத்து முறை உதையுங்கள். பிளக் ஓட்டை வழியாகப் பெட்ரோல் சாரலாகத் தெறிக்கும். முகத்தை அருகில் கொண்டுபோகாதீர்கள். ஓட்டையைப் பத்து நிமிடம் காற்றாட விட்டு, பிளக்கை முதலில் கையாலேயே முறுக்கி ஏற்றி, கடைசி இறுக்கத்துக்கு மட்டும் ஸ்பேனரைப் பயன்படுத்துங்கள். அடுத்த உதைக்குச் சோக் வேண்டாம்.

ஒரு பழக்கத்தை அடியோடு விட வேண்டும். நனைந்த பிளக்கைத் தீக்குச்சியிலோ லைட்டரிலோ அடுப்பிலோ காட்டிச் சுடுவது நம் ஊர்களில் சாதாரணமாக நடக்கிறது. கையில், துணியில், இன்ஜின் மேல் எங்கும் பெட்ரோல் இருக்கிற நேரம் அது. அந்த நேரத்தில் ஒரு சிறு தீயும் வேண்டாம். கூடுதலாக ஒரு பிளக் வண்டியின் டூல் பாக்ஸில் இருந்தால் சுட வேண்டிய அவசியமே வராது.

டூ-ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்கு

1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரான ஆர்.எக்ஸ். 100, இன்றும் முந்திரித் தோப்புகளுக்குப் போய்வரும் பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். சூப்பர் ஆகியவற்றில் இன்னொரு சிக்கல் உண்டு. இவற்றில் பெட்ரோல் கலவை நேராக சிலிண்டருக்குப் போவதில்லை, கீழே உள்ள கிராங்க் கேஸுக்குள் போய் அங்கிருந்து மேலே ஏறுகிறது. இரவு முழுக்க டேப் திறந்திருந்து, கார்பரேட்டரின் ஊசி வால்வில் ஒரு தூசி மாட்டிக்கொண்டால், பெட்ரோல் கிராங்க் கேஸில் குளமாகத் தேங்கிவிடும். பிளக்கை மட்டும் துடைத்தால் ஒரு உதையிலேயே மறுபடி நனைந்துவிடும். பிளக்கைக் கழற்றிப் பலமுறை உதைத்துக் கீழே தேங்கியதைக் காலி செய்தால்தான் வழி பிறக்கும்.

இதே கவனம் பவர் ஸ்பிரேயருக்கும் வேண்டும். ஆண்டிமடம், ஜெயங்கொண்டம், செந்துறைப் பக்கத்து முந்திரி மரங்கள் துளிர்த்துப் பூக்கும் நேரம் நெருங்குகிறது. தேயிலைக் கொசு என்ற பூச்சிக்கு மருந்தடிக்க, போன பருவத்தில் மூலையில் வைத்த ஸ்பிரேயரை எடுப்பார்கள். கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்துபோவதற்கு முன், பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டு, புதிதாக 2டி ஆயில் கலந்து ஊற்றுங்கள். கலவை விகிதம் இயந்திரத்தோடு வந்த புத்தகத்தில் இருக்கும். ஓவர்ஃப்ளோ ஆகிவிட்டால் டேப்பை மூடி, சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றுங்கள். மருந்துத் தொட்டி காலியாக இருந்தால் மட்டும் இயந்திரத்தைச் சாய்த்து, பிளக் ஓட்டை கீழே பார்க்கும்படி பிடித்து ஐந்தாறு முறை கயிற்றை இழுங்கள். தினமும் வேலை முடிந்ததும் டேப்பை மூடி, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட விட்டால் கார்பரேட்டரில் பெட்ரோல் மிஞ்சாது.

தூரத்து உறவல்ல: ரோட்டரி கார்

பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்து எரிக்கும் இன்ஜின்களில் டூ-ஸ்ட்ரோக்குக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. ஜெர்மானியரான ஃபெலிக்ஸ் வாங்கெல் வடிவமைத்த ரோட்டரி இன்ஜின் அது. அதில் பிஸ்டன் மேலும் கீழும் போவதில்லை. முக்கோண வடிவ ரோட்டர் ஒன்று கூட்டுக்குள் சுழல்கிறது. 1964-இல் என்.எஸ்.யு. ஸ்பைடர் காரிலும், 1967-இல் மஸ்டாவின் காஸ்மோ ஸ்போர்ட்டிலும் வந்த இந்த இன்ஜின், பிறகு மஸ்டாவின் ஆர்.எக்ஸ்.-7, ஆர்.எக்ஸ்.-8 ஆகிய ஸ்போர்ட்ஸ் கார்களால் உலகப் புகழ் பெற்றது. 1991-இல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற மஸ்டா 787பி காரிலும் இருந்தது ரோட்டரிதான்.

2003 முதல் 2012 வரை தயாரான ஆர்.எக்ஸ்.-8-இன் உரிமையாளர்கள் உலகமெங்கும் ஒரே புகாரைச் சொன்னார்கள். குளிர்ந்த காரைக் கிளப்பி, ஷெட்டிலிருந்து வாசலுக்கு நகர்த்தி, உடனே அணைத்துவிடுவார்கள். அடுத்த முறை சாவியைத் திருப்பினால் கார் கிளம்பாது. குளிர்ந்த இன்ஜினுக்காக ஊற்றப்பட்ட கூடுதல் பெட்ரோல் எரியாமல் உள்ளே நின்றுவிடும். ரோட்டரின் மூன்று முனைகளிலும் உள்ள சீல்களில் படிந்திருக்கும் ஆயில் படலத்தை அது கழுவிவிடும். படலம் போனால் சீல் காற்றைப் பிடித்து நிறுத்தாது, கம்ப்ரஷன் விழுந்துவிடும், பிளக்கும் நனைந்திருக்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் மெதுவாகச் சுற்றினால் நிலைமை இன்னும் மோசம். இதனாலேயே மஸ்டா பின்னாளில் வேகமாகச் சுற்றும் ஸ்டார்ட்டரைக் கொடுத்தது.

சிங்கப்பூரிலோ இலங்கையிலோ அந்தக் காரை வைத்திருக்கும் சொந்தங்களுக்கும் வைத்தியம் ஏறக்குறைய நம் வண்டிகளுக்குச் சொன்னதேதான். ஆக்சிலேட்டர் பெடலை அடிவரை மிதித்தபடி சில விநாடிகள் ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். அப்படி மிதித்தால் இன்ஜெக்டர்கள் பெட்ரோல் விடுவதை நிறுத்திக்கொள்ளும், காற்று மட்டும் உள்ளே போகும். பேட்டரிக்கும் ஸ்டார்ட்டருக்கும் ஓய்வு கொடுத்து மறுபடி முயல வேண்டும். முடியாவிட்டால் பெட்ரோல் பம்பின் மின் இணைப்பைத் துண்டித்து, நான்கு பிளக்குகளையும் கழற்றி, உள்ளே தேங்கியதை வெளியேற்றி, அறைகளுக்குள் சிறிதளவு ஆயில் விட்டு சீல்களைத் திரும்ப நனைப்பார்கள். வராமல் தடுக்கும் வழி ஒன்றே: கிளப்பினால் இன்ஜின் சூடேறும் வரை அணைக்கக் கூடாது.

வரதராஜன்பேட்டை வாசலுக்கும் அந்த விதி பொருந்தும். மழைக்குப் பயந்து வண்டியைத் திண்ணைப் பக்கம் நகர்த்த இன்ஜினைக் கிளப்பி, பத்து விநாடியில் அணைப்பவர்கள் அதிகம். நான்கடி தூரத்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாலே போதும்.

சோக் இல்லாத புது வண்டிகள்

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 விதி வந்த பிறகு, டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 உட்பட பெரும்பாலான இரு சக்கர வாகனங்கள் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்பதை அங்கே சென்சார்கள் கணக்கிடுகின்றன. இந்த வண்டிகளில் ஸ்டார்ட் செய்யும்போது பழைய பழக்கத்தில் ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே இருக்காதீர்கள். சாவியைப் போட்டதும் பம்பின் மெல்லிய சத்தம் அடங்கும்வரை ஓரிரு விநாடி பொறுத்து, முறுக்காமல் பட்டனை அழுத்துங்கள்.

மழை முடியும் முன் ஒருமுறை

கார்பரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் இந்த வாரமே நான்கு வேலைகளை முடித்துக்கொள்வது நல்லது. இரவில் டேப்பை மூடும் பழக்கத்தைத் தொடங்குங்கள். ஏர் ஃபில்டரைப் பாருங்கள். செம்மண் புழுதியும், அரியலூர்ப் பக்கம் போய்வந்தால் சுண்ணாம்புக்கல் லாரித் தூசியும் படிந்து, மழை ஈரமும் சேர்ந்துவிட்டால், அடைத்த ஃபில்டரே எப்போதும் இழுத்துவிட்ட சோக்காக மாறிவிடும். மூன்றாவது, கார்பரேட்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, கிண்ணத்தில் தேங்கியதை ஒரு பாட்டிலில் பிடித்துக் கொட்டிவிடுங்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தண்ணீரை இழுக்கும், தண்ணீர் அதிகமானால் அதோடு சேர்ந்து பிரிந்து அடியில் போய் நிற்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டிக்கு இது கட்டாயம். நான்காவது, வெடித்த பிளக் கேப்பை மாற்றுங்கள்.

தெருவில் வெள்ளம் ஏறி இன்ஜின் தண்ணீரில் நின்றிருந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அந்த வண்டியை உதைக்கவே கூடாது. பெட்ரோலைப் போலத் தண்ணீர் ஆவியாகி விலகாது, பிஸ்டன் அதை அழுத்தவும் முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளிக்கொண்டே மெக்கானிக் கடைக்குப் போங்கள்.

ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டி பெட்ரோல் ஓவர்ஃப்ளோ ஆகி மீண்டிருந்தால் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் அளவு கூடியிருந்தாலோ, ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தாலோ, உள்ளே இறங்கிய பெட்ரோல் ஆயிலை நீர்க்கச் செய்துவிட்டது என்று பொருள். அந்த ஆயிலோடு ஓட்டாமல் மாற்றிவிடுங்கள். கிறிஸ்துமஸ் இரவு நள்ளிரவுத் திருப்பலி முடிந்து திரும்பும் நேரத்தில் எந்த மெக்கானிக் கடையும் திறந்திருக்காது. அதற்குள் டூல் பாக்ஸில் ஒரு புது பிளக், பிளக் ஸ்பேனர், காய்ந்த துணி மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்து வையுங்கள்.