கராஜ் விற்பனை

வட அமெரிக்காவிலே கோடைகாலச் சனிக்கிழமைகளில் வீட்டுக் கராஜின் கதவைத் திறந்து, தமக்கு இனித் தேவைப்படாத பொருட்களை மேசைகளிற் பரப்பி அயலவருக்கு விற்பார்கள். ரென்னசி மாநிலத்தில் 1987இல் தொடங்கிய 127ஆம் நெடுஞ்சாலை விற்பனை இன்று 6 மாநிலங்களினூடாக 690 மைல் நீள்கின்றது!

கனடாவில் வாழும் நம்மவர்களும் இதனை நடத்துவதுண்டு. 200 டொலருக்கு வாங்கிய அலுமாரி என்று நாம் சொல்லலாம். வருபவர் காண்பது பழைய அலுமாரியையே. ஆகவே வாங்கிய விலையை மறந்துவிட வேண்டும்.

பிள்ளையின் விளையாட்டுப் பொருளைப் பிள்ளையைக் கேளாமல் விற்பது தகாது. காலஞ்சென்ற தாயாரின் பொருளென்றால் சகோதரங்கள் எல்லோரையும் முன்கூட்டியே கேட்டாக வேண்டும். 5 டொலருக்குப் போன குத்துவிளக்கு ஆயுட்காலப் பகையாகிவிடலாம்.

சட்டமும் உண்டு. குழந்தையை உள்ளே இருத்தி ஓடவிடும் சக்கர நடைவண்டியைக் கனடா 2004இல் தடை செய்தது. படிகளில் உருண்டு குழந்தைகள் காயப்பட்டதே காரணம். பழையதை விற்பதும் குற்றம். உடைத்தே எறிய வேண்டும்.

மாலையில் மிஞ்சியவற்றை மீண்டும் உள்ளே எடுக்காதீர்கள். அன்றே காரில் ஏற்றி, புனித வின்சென்ட் டி போல் சபை போன்ற இடங்களில் ஒப்படையுங்கள். கிழிந்ததையும் உடைந்ததையும் மட்டும் அங்கே கொண்டுபோக வேண்டாம்.