மிளகு மூட்டையும் பொருள்நோக்கு நிரலாக்கமும்

எர்ணாகுளத்திலிருந்து காயலைக் கடந்து மட்டாஞ்சேரியை அடைவோர், கண்ணால் காணுமுன் மூக்கால் அவ்வூரை அறிவர். மிளகு, சுக்கு, ஏலக்காய் வணிகத்திற்குப் பெயர்பெற்ற ஊர் அது. அங்குள்ள கிடங்கு ஒன்றின் இருப்புக் கணக்கைக் கணிப்பொறியில் ஏற்றுவதாகக் கொள்வோம். பொருள்நோக்கு நிரலாக்கத்தைப் புதிதாகப் பயில்வோர்க்கு ஏற்ற எடுத்துக்காட்டு இது.

பழைய முறையில் எடை, ஈரப்பதம், உரியவர் பெயர் முதலிய தரவுகள் ஓரிடத்திலும், அவற்றைக் கையாளும் கட்டளைகள் வேறிடங்களிலும் இருக்கும். நிரலின் எப்பகுதியும் எடையை மாற்றிவிடலாம். மிளகோ உலர உலர எடை குறையும் பண்டம். 62 கிலோ மூட்டை கணக்கில் 26 ஆகிவிட்டால், அது உலர்ந்ததால் அன்று என்பது தெளிவு. ஆயினும் தவறு எங்கே நேர்ந்தது என அறிய நிரல் முழுவதையும் துருவ வேண்டும். அதுவரை விளைவித்தவருக்குச் சேர வேண்டிய பணம் நிற்கும்.

இவ்விடர்ப்பாட்டிற்குத் தீர்வாகத் தரவையும் செயலையும் ஒன்றாகப் பிணைக்கும் முறை, நார்வே நாட்டு அறிஞர்களான டால், நைகார்டு ஆகியோர் 1967-இல் வெளியிட்ட சிமுலா மொழியில் உருப்பெற்றது. 'மிளகு மூட்டை' என்னும் இனக்குழு ஓர் அச்சுப் படிவம் போன்றது. படிவத்தைத் தராசில் ஏற்ற இயலாது. அதன்படி அமைந்த ஒவ்வொரு மூட்டையுமே 'பொருள்' எனப்படும். தொடக்க மாணவர் பலரும் தடுமாறுவது இவ்விடத்திலேதான். எடை பொருளுக்குள் பூட்டப்பட்டிருக்கும். 'நிறு' என்னும் செயற்கூறு மட்டுமே அதனை மாற்றலாம். அதுவும் பழைய எடையையும் நாளையும் குறித்த பின்னரே. இதுவே உறைபொதியாக்கம். எடை பிழையானால் ஆராய வேண்டியது அவ்வொரு செயற்கூற்றையே.

மிளகும் ஏலமும் 'நறுமணப் பண்டம்' என்னும் பொது இனக்குழுவின் கூறுகளைப் பெறுவது மரபுரிமம். 'தரம் காண்' என்னும் ஒரே ஆணைக்கு மிளகு தன் ஈரப்பதத்தையும் லிட்டர் எடையையும் நோக்கும். ஏலம் காயின் பருமனையும் நிறத்தையும் நோக்கும். இது பல்லுருவாக்கம். மரபுரிமத்தைக் கண்ட இடமெல்லாம் புகுத்துவோரும் உளர். கிடங்கு மூட்டையின் ஒரு வகையன்று, மூட்டைகளைக் கொண்டது. அங்கு மரபுரிமத்திற்கு இடமில்லை.

நாளை அக்கிடங்கிற்குச் சாதிக்காய் வருமாயின், அதற்குரிய இனக்குழுவை மட்டும் எழுதிச் சேர்த்தாற் போதும். மிளகின் கணக்கைத் தொட வேண்டுவதில்லை.